முன்கூட்டியே நிரப்பிய தாள்

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியின் ஆபீஸ் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, பின்னால் பூட்டிய மருந்து அறை, வாசலில் ஒரு பழைய வேன். முதலாளி அவளுடைய அண்ணன். மருந்து அடிக்கப் போவது அவளுடைய கணவன். ஆள் நல்ல உயரம் என்பதால் எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவான். மேஜை அவளுடையது.

எந்த இடம், எந்த மருந்து, எவ்வளவு, யார் அடித்தது, எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவுத் தாள் இருக்க வேண்டும். வேலை முடிந்தவுடன், வேலை செய்தவரே நிரப்ப வேண்டும் என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது. நெட்டைக்குப் பேனா என்றாலே வேப்பங்காய். நாள் முழுக்க மருந்து டப்பாவைச் சுமந்துவிட்டு வந்தவனை உட்கார வைத்து எழுதச் சொல்ல அவளுக்கும் மனசு வராது.

"காலையிலயே நீ எழுதி வச்சுடு குட்டி," என்று அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தான். "எப்படியும் அதே மருந்து, அதே அளவு. சாயங்காலம் வந்ததும் அவன்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோ."

அப்படியே பழகிவிட்டது. ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்து, ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லையே என்று மெச்சிவிட்டுப் போனார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தானியக் கிடங்கு வேலை வந்தபோதும் அப்படித்தான். சுவரிலும் தரையிலும் மருந்து தெளிக்க வேண்டும். சில நாள் விட்டு மறுபடி ஒரு தெளிப்பு. இரண்டு தாள்களையும் அவள் ஒரே மூச்சில் எழுதி வைத்தாள்.

கிடங்கில் நடந்தது வேறு. நெட்டை ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்தான். உள்ளங்கையில் கொட்டிய கோதுமையில் பாதி வண்டு. சுவரில் தெளிக்கும் மருந்துக்கு மூட்டைக்குள் இருக்கும் வண்டு சாகாது. மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மாத்திரை வைக்க வேண்டும். காற்றின் ஈரம் பட்டதும் அந்த மாத்திரை விஷ வாயுவாக மாறும். வேனில் எப்போதும் ஒரு டின் மாத்திரை இருக்கும். ஆனால் அதை வைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அது அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. நெட்டை போன் போட்டுக் கேட்டான்.

"நீயே வச்சுடு மாப்ள. நான் வைக்கறதை எத்தனை தடவை பாத்திருக்கே?" என்றான் அண்ணன். "தார்ப்பாயைப் பிரிக்கற அன்னிக்கு மாஸ்க்கும் வாயு அளக்கற மீட்டரும் எடுத்துக்கிட்டு நான் வந்துடறேன்."

"தாள்ல தெளிப்புன்னு இருக்கே மச்சான்."

"இருந்துட்டுப் போகுது. குட்டி காதுல போடாதே. போட்டா திருத்தி எழுதணும்னு ஒத்தக்கால்ல நிப்பா. லைசென்ஸ் இல்லாத உன் பேர்ல மாத்திரைன்னு எழுதினா, ரெண்டு பேரும் சேந்து கம்பி எண்ண வேண்டியதுதான்."

நெட்டை வீட்டுக்கு வந்து, வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னான். நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

தார்ப்பாயைப் பிரிக்கும் நாள், அதாவது தாளில் இரண்டாவது தெளிப்புக்கு எழுதியிருந்த நாள், காலையில் அண்ணன் வரவில்லை. மூட்டை ஏற்ற லாரி வந்து நின்றது. நெட்டை திரும்பத் திரும்பப் போன் அடித்துப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை. கிடங்குக்காரர் தாம் தூம் என்று குதித்தார். கடைசியில் நெட்டை ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தார்ப்பாய்களை இழுத்துத் தள்ளினான். காற்றாட விட நேரம் கொடுக்காமல் லாரி டிரைவரும் சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேரும் அவன் பின்னாலேயே உள்ளே போனார்கள். சும்மா நிற்க மனமில்லாமல் நெட்டையும் மூட்டைக்குக் கை கொடுத்தான்.

மதியம் ஆபீசுக்கு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாசலிலேயே குனிந்து வாந்தி எடுத்தான்.

"என்னங்க ஆச்சு?"

"தலை வலி. நெஞ்சை என்னவோ பண்ணுது."

அவள் பதறவில்லை. மருந்து அடிப்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், பயன்படுத்திய மருந்தின் விவரத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைய தாளை உருவி எடுத்துக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

பெண் டாக்டர் தாளை ஒரு வரி விடாமல் படித்தார். "இது ரொம்ப லேசான மருந்துதான். தோல்ல எரிச்சல் வரும், குமட்டும். சரியாயிடும்." பிறகு நெட்டையைப் பார்த்தார். "இதைத்தானே அடிச்சீங்க? வேற எதுவும் இல்லியே?"

நெட்டை டாக்டரின் கையில் இருந்த தாளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"ஆமா. அதேதான்."

குளித்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழியில், "உங்க அண்ணன் போன் பண்ணினானா?" என்று கேட்டான். இல்லை என்றாள். வெயில் இறங்குவதற்குள் மூச்சோடு களகளவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்சுக்குள் ஏற்றும்போது ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களை அவள்தான் மடித்து வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை, உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் அவளுக்குப் போன் வந்தது. அதே டாக்டர்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. அதே கிடங்குல மூட்டை ஏத்தின லாரி டிரைவரை இப்பக் கொண்டுவந்திருக்காங்க. அவருக்கும் நெஞ்சுல நீர் கோத்திருக்கு. நீங்க காட்டின மருந்து இப்படிப் பண்ணாது. அங்க வாயு மாத்திரை ஏதாவது வச்சாங்களா? கூட இருந்த ரெண்டு பேர் நல்லாத்தான் இருக்கோம்னு வீட்டுலயே இருக்காங்க. அவங்களைக் கூப்பிடணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

அண்ணன் முன்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கிடங்குல மாத்திரை வச்சீங்களா?"

"தாள்ல என்ன எழுதியிருக்கே?"

"நான் எழுதினது எனக்குத் தெரியும். நீ சொல்லு."

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "போனவன் போயிட்டான். தாள் தெளிவா இருக்கு, அவன் கையெழுத்தும் இருக்கு. நீ வாயைத் திறந்தா நானும் இல்ல, நீயும் இல்ல. எழுதினது நீ. அதை யோசிச்சுக்கோ."

அவளுக்கு அந்தப் பதிலே போதும். போனைக் காதில் வைத்தாள்.

"டாக்டர், அந்தத் தாளு பொய். வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே நான் எழுதினது. வச்சது மாத்திரைதான். அவங்க ரெண்டு பேரையும் உடனே கூப்பிடுங்க."

அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

டிரைவர் பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தான். சுமை தூக்குகிறவர்களில் ஒருவனை ஆள் அனுப்பி அழைத்து வந்தபோது அவனுக்கு ஏற்கெனவே மூச்சிரைக்க ஆரம்பித்திருந்தது. அவனும் தப்பினான். யாரும் வந்து அவளுக்கு நன்றி சொல்லவில்லை. டிரைவரின் மனைவி மட்டும் வாசலில் நின்று, தாள் எழுதின கை விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

விசாரணைக்கு வந்தவரும் முன்பு மெச்சிவிட்டுப் போன அதே அதிகாரிதான்.

"இப்படி முன்னாடியே எழுதினது எத்தனை தாள்?"

"எல்லாமே."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அலமாரியை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனின் லைசென்ஸ் போயிற்று, வழக்கும் வந்தது. பொய்ப் பதிவு எழுதியதற்காக அவள் மேலும் வழக்கு. புருஷனைத் தின்றது போதாமல் கூடப் பிறந்தவனையும் காட்டிக்கொடுத்தாள் என்று அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஜாமீனில் வந்த அண்ணன் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். அவள் டீ போட்டு வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"அன்னிக்கு ஏன் வரல?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். வண்டி வழியில் நின்றிருக்கலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம். ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

"முதநாள் ஒரு கல்யாணம். வர நேரமாயிடுச்சு. இன்னும் கொஞ்சம் படுத்துட்டுப் போலாம்னு போனை சைலன்ட்ல போட்டேன்."

"தூங்கினியா?"

அவன் தலையசைத்தான். குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். சின்ன வயதில் அடிபட்டு வந்தாலும் அவன் இப்படித்தான் அழுவான். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவாள். இப்போதும் கை தானாக எழுந்தது. அதை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பு அண்ணே," என்றாள். "இனிமே வராதே."