வெளிறிய குழிகள்

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் பேர்வழி. இந்த முறை அதற்குப் பலியானது தாணம்மாளக்கா.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் நான், சிவப்ரியா, ஆராய்ச்சி மாணவி. பசிக்கும்போது வயிற்றில் சுரக்கும் ஒரு ஹார்மோனைச் சுண்டெலிகளின் ரத்தத்தில் அளப்பது என் வேலை. பாதி எலிகளுக்குத் தீனி, பாதி எலிகளுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பட்டினி. எலிக்கூடுகளைப் பத்து வருஷமாகக் கவனித்து வந்தவர் தாணம்மாளக்கா. முந்தின நாள் சாயங்காலம் தீனியை எடுக்கச் சொன்னபோது, “பாவம்லா மக்கா இதுவ. ஆளுக்கொரு துண்டு போட்டா என்ன?” என்று கேட்டார்.

“ஒரு துண்டு விழுந்தாலும் என் ஆறு மாச உழைப்பு போச்சு” என்றேன். தீனியை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஹார்மோனை அளக்கப் புதிதாக வந்திருந்த கிட்டைப் பிரித்தேன். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள தட்டு. எலிகளின் ரத்தத்தைக் குழிகளில் விட்டேன். கடைசி மருந்தை விட்டதும் குழிகள் மஞ்சளாயின. பட்டினி எலிகளின் குழிகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. நான் அதுவரை கையாண்ட கிட்டுகளில் நிறம் கூடினால் ஹார்மோன் கூடுதல். அப்படியென்றால் இந்த எலிகள் வயிறாரத் தின்றிருக்கின்றன! தட்டை மெஷினில் வைத்து அளக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

வராந்தாவில் மாணவர்கள், ஆசிரியர்கள், முதல்வர் எல்லோரும் பார்க்க, எலிகளுக்குத் தீனி போட்டுவிட்டார் என்று தாணம்மாளக்காவிடம் கத்தினேன்.

“சத்தியமா போடல்ல மக்கா.”

“பொய் சொல்லாதீங்க!”

நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதல்வர் அவரிடம் சொல்லிவிட்டார். தாணம்மாளக்கா எலிக்கூட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து மெஷின் தந்த அளவுகள் குழப்பவே, கிட்டின் குறிப்புத்தாளை விரித்தேன். இது நேர்மாறான கிட். ரத்தத்தில் ஹார்மோன் கூடக்கூட நிறம் குறையும். எலிகள் முழுப் பட்டினிதான். ஒரு துண்டுகூட விழவில்லை.

உடனே ஓடிப்போய் முதல்வரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குறிப்புத்தாள்கூடப் படிக்காத ஆராய்ச்சிக்காரி என்று சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். வெளியூர் போயிருந்த என் வழிகாட்டி அனில்குமார் சார் திரும்பி வந்து முடிவுகளைப் பார்த்தார். “பட்டினி இவ்வளவு சுத்தமா வந்து நான் பாத்ததே இல்ல, வெரி குட்” என்றார். தாணம்மாளக்காவுக்குச் சேரவேண்டிய அந்தப் பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவள்.

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை, அவர் பூக்கட்டப் போவதாகக் கேள்விப்பட்டுத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். அங்கே தாணம்மாளக்கா பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை. வெளிறிய குழிகளிலிருந்து வெரி குட் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“கம்பியக் கடிச்சிக்கிட்டு அதுவ என்னையே பாத்துச்சு. வயிறு எரிஞ்சுது. நீ சொன்னியேன்னுதான் போடல்ல.”

“தப்பு என் மேலதான்க்கா. மன்னிச்சிருங்க.”

அவர் பூச்சரத்தைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அன்னைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாவல்லா மக்கா. இன்னைக்கு ஒத்தையிலயா வந்தே?”