கழுவுவதற்கு முன் எடுத்த படம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருட்டுக் கதை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை போனில் அழுதாள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே குறிப்பெடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. [ஆனாலும் குறிப்பைக் கிழிக்கவில்லை.]

முதல் வரி இப்படி இருந்தது: "பச்சை ஒளியில் அவள் முகம் தேவதையைப் போல…" சீ, வேண்டாம்.

2.

மாரடைப்பு வந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். அதைப் பிடிக்கும் புரதம் ஒன்று, பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று. இரண்டின் மரபணுவையும் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் விட்டு, ஒரே புரதமாக வளர்ப்பதுதான் இரண்டு வருஷமாக அவள் வேலை. ஒரு கை பிடிக்கும், மறு கை விளக்குக் காட்டும். கைகூடினால், எந்தச் சின்ன மருத்துவமனையிலும் பத்து நிமிஷத்தில் மாரடைப்பா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முளைத்த பாக்டீரியாப் புள்ளிகளில் பளிச்சென்று மின்னியவற்றையே ஒவ்வொரு முறையும் பொறுக்கினாள். மங்கலானவற்றைக் குப்பையில் போட்டாள். யார்தான் போட மாட்டார்கள்? ஆனால் மின்னியவற்றில் பிடிக்கும் கை அறுந்துபோயிருந்தது. மாரடைப்புப் புரதம் பூசிய சோதனைத் தட்டில் ஊற்றி, ஒட்டாததைக் கழுவியதும் விளக்கும் தண்ணீரோடு போய்விட்டது.

(மங்கலானவைதான் முழுசு என்கிறாள். இரண்டு கையோடு வளர்வது பாக்டீரியாவுக்குப் பெரும்பாடாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.)

3.

திட்டத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று அதற்கு மறுநாள் நிதி தரும் குழு கூடி முடிவெடுக்கும். ஆய்வகத் தலைவர் வந்து நின்றார்.

"கழுவறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்குல்ல? ஜம்முனு மின்னுது. அதைக் காட்டும்மா."

"அது பொய் சார்."

"முழுப் பொய் இல்லையே!"

[இவரை வில்லனாக்கி, மீசையும் வைத்தேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். பாவம், அவரும் பயந்துபோயிருந்தார்.]

4.

முடிவு அ: குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிவு ஆ: திட்டம் மூடப்பட்டது. கொட்டும் மழையில் அவள் தனியாக…

இரண்டையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"நிறுத்துக்கா! நான் எப்ப மழையில நடந்தேன்? நீயும் கழுவறதுக்கு முன்னாடிதான் படம் எடுக்கற."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"என்னதாண்டி எழுதச் சொல்ற?"

"நடந்ததை எழுது. மங்கலா இருந்தா இருக்கட்டும்."

5.

நடந்தது இது. கழுவிய தட்டின் படத்தையே திரையில் போட்டாள். முழுக்க இருட்டு. குரல் நடுங்கவில்லை.

"ஒண்ணுமே ஒட்டலை. தப்பு என்னோடது, மின்னினதையே பொறுக்கிட்டேன். மறுபடியும் முதல்லேர்ந்து வளர்த்து, இந்தத் தடவை மங்கலானதை எடுக்கறேன். ஆறு வாரம் குடுங்க. குடுக்கலைன்னா வேற எங்கயாவது போய்ச் செஞ்சு முடிப்பேன்."

குழுவின் தலைவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். என் தங்கை எதிரே நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.