பத்தில் ஆறு பங்கு தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "முருகலட்சுமி டீச்சரா? பார்த்துப் பேசுங்கப்பா" என்பார்கள். அந்தக் கோபத்தால்தான் போன கார்த்திகையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் நான். பிறந்தது ராமேஸ்வரம், லாட்ஜ் நடத்தும் குடும்பம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. வகுப்பில் பதினொரு பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் மிளகாய்தான் பிழைப்பு. சொந்த வயல் இல்லாதவர்கள் அடுத்தவர் வயலில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போவார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பிள்ளைகள் லேசாகப் போட்டுவிடும். வாழ்க்கைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, கதை மாதிரி நாலு வரி எழுதி கடைசியில் 'எத்தனை?' என்று கேட்பது, அங்கேதான் வம்பு. விடை தெரியாமல் முழிக்காது; கணக்கோடு சண்டைக்குப் போகும்.

கார்த்திகையில் ஒன்றியம் முழுக்க ஒரு தேர்வு நடந்தது. வாழ்க்கைக் கணக்கில் எங்கள் பள்ளிதான் கடைசி. ஆசிரியர் கூட்டத்தில், கூட்டத்தை நடத்திய சார் என் பிள்ளைகளின் விடைத்தாளை மைக்கில் வாசித்தார்.

"ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள ஓட்டை அதே தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாக்கும். தொட்டி நிறைய எத்தனை மணி நேரம் ஆகும்? இதுக்கு வினோத்குமார்னு ஒரு பையன் எழுதியிருக்கான் பாருங்க. 'மொதல்ல ஓட்டைய அடைக்கணும். தண்ணிய வீணாக்குனா எங்க அம்மா வையும்.'"

மண்டபமே சிரித்தது. அடுத்து என் யுவராணியின் தாள். ஐந்து பேர் எட்டு நாளில் களை எடுத்தால் பத்துப் பேர் எத்தனை நாளில் எடுப்பார்கள் என்பது கேள்வி. "பத்துப் பேரு வந்தா பேச்சுத்தான் நடக்கும். பத்து நாள் ஆகும்" என்று எழுதியிருந்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த சார் அதோடு விட்டாரா? "இதுகளை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க டீச்சர், இதுக வத்தல் பொறுக்கத்தான் லாயக்கு" என்றார்.

அவ்வளவுதான். உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்: 'மாசியில் நடக்கும் ஒன்றியக் கணக்குப் போட்டியில் என் பிள்ளைகள் முதல் மூன்று இடத்துக்குள் வரும். வராவிட்டால் நானே மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இந்த ஊரை விட்டுப் போகிறேன்.' இரண்டே நிமிடத்தில் குழுவில் இருந்த அறுபத்து மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். அந்த சார் ஒரே ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபிறகு அதை நான் எப்படி அழிப்பேன்?

அந்த ஊரை விட்டுப் போக எனக்குத் துளிகூட மனசில்லை. காலையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் பதினொன்றும் பின்னாலேயே ஓடிவரும். அதுகளை யாரோ ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போவதா?

மறுநாளே வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். 'கணக்கில் உள்ளதை மட்டும் படி. எண்ணுக்கு அடியில் கோடு போடு. வேறு எதையும் யோசிக்காதே.' போட்டிக்கு இரண்டு பேர் போக வேண்டும். யுவராணியையும் வினோத்குமாரையும் தேர்ந்தெடுத்தேன். வாய் பேசிய இரண்டையும் வைத்தே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு வீம்பு.

மூன்று மாதம் வறுத்தெடுத்தேன். ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு வந்தால், "பாம்பன் பாலத்துலயா டீச்சர்? அங்கன மெதுவால்ல போகும்" என்பான் வினோத்குமார். "ஏலே, எந்தப் பாலமா இருந்தா உனக்கென்ன? நீளத்தைப் பாரு, வேகத்தைப் பாரு, வகு!" என்று கத்துவேன். கோழி முட்டைக் கணக்கு வந்தால் யுவராணி, "அடை வச்ச கோழி முட்டை போடாதே டீச்சர்" என்பாள். சுவரைக் காட்டுவேன். பாவம், வாயை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அவளே கேட்டாள். "தோத்துட்டா நெசமாவே போயிருவீங்களா டீச்சர்?"

"போயிருவேன்."

"அப்ப நீங்க சொல்ற மாதிரியே போடுறேன்" என்றாள். அதன்பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை, சிக்கலில். மாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நிறைந்து வழிந்தது. முக்கால்வாசிப் பேர் மிளகாய் போடுகிறவர்கள். யுவராணியின் அப்பா சின்னச்சாமி களத்தில் காயும் பழத்தை விட்டு வர முடியாமல் தங்கிவிட்டார். அம்மா ஈஸ்வரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மேடையில் ஆறு அணிகள். கேள்வி கேட்கிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கட்டைவிரல் அனுப்பினாரே, அதே சார். நடுவராகப் பெரியபட்டினத்து காஜா நவாஸ் சார் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், அதிகம் பேசாத மனிதர்.

என் பிள்ளைகள் நன்றாகத்தான் போட்டார்கள். கோடு போட்டு, எண்ணை எடுத்து, டக்டக்கென்று விடை. கடைசிக் கேள்விக்கு முன்னால் முதல் இரண்டு அணிகள் எழுபதும் அறுபதும் எடுத்து எட்டாத உயரத்தில் இருந்தன. மூன்றாவது, டையும் ஷூவும் போட்ட ஒரு தனியார் பள்ளி, நாற்பத்தைந்து. நாங்கள் நாற்பது. கடைசிக் கேள்விக்கு முதலில் மணி அடிப்பவர் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் பத்து, தப்பென்றால் ஐந்து போய்விடும். என் மாறுதல் கடிதம் அந்த ஒரு கேள்வியில் நின்றது.

"இது நம்ம ஊருக்காகவே நான் யோசிச்சுப் போட்ட கணக்கு" என்று அந்த சார் பெருமையாக ஆரம்பித்தார். "ஒரு விவசாயி நூறு கிலோ மிளகாய்ப் பழம் பறித்தார். அதன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர். நாலு நாள் வெயிலில் காயவைத்தார். இப்போது அதன் எடையில் பத்தில் ஆறு பங்குதான் தண்ணீர். இப்போது மொத்த எடை எத்தனை கிலோ?"

கேட்டதும் என் மனசு துள்ளியது. எண்பது கிலோ தண்ணீர் அறுபதாகிவிட்டது. இருபது போச்சு. நூறில் இருபது போனால் எண்பது. இதைவிட லேசான கணக்கு உண்டா?

யுவராணி மணியை அடித்துவிட்டாள். அடித்துவிட்டு வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள். ஐயோ, சொல்லித் தொலையேன்டி என்று தவித்தேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்; சத்தம் வராமல் என் உதடு 'எண்பது' என்றது. அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்பது கிலோ."

"தவறு!" என்றார் சார். ஐந்து போய் முப்பத்தைந்தானோம். தனியார் பள்ளிப் பையன் மணி அடித்து "எய்ட்டி" என்றான். "சரியான விடை!" என்று அவர்களுக்குப் பத்து போட்டார். கை தட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியும், வாயசைத்துக் காட்டியும் இந்தப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது.

யுவராணி உட்காரவில்லை. "சார், அது தப்பு சார்."

"உட்காரும்மா. முடிஞ்சு போச்சு."

"எண்பது வராது சார். நாலு நாள்ல எண்பது கிலோ நின்னுச்சுன்னா எங்க அய்யா களத்துலயே ஆட்டம் போட்டிருப்பாரு."

கூட்டம் சிரித்தது. ஆனால் கார்த்திகையில் கேட்ட சிரிப்பு இல்லை இது. பின்வரிசையில் ஒருத்தர், "பாதிதான்யா நிக்கும்" என்றார். இன்னொருத்தர், "நாலு நாள் நல்ல வெயிலுக்குப் பாதிதான்" என்றார். என் பக்கத்தில் இருந்த ஈஸ்வரி எழுந்தே நின்றுவிட்டது. "எம் பிள்ளை சரியாத்தான் சொல்லுது! நீங்க எந்த ஊரு வத்தலச் சொல்றீக?"

"அமைதி, அமைதி! இது கணக்கு, களம் இல்லை" என்று சார் மேசையைத் தட்டினார்.

அவளை இழுத்து வந்து உட்கார வைத்துவிடலாம் என்றுதான் மேடை ஏறினேன். கையைப் பிடித்தேன். அவள் கண் நிறையத் தண்ணீர். "வாடி போவோம்" என்றேன். "டீச்சர், ஒரே ஒரு தடவை போர்டுல போட்டுக் காட்டுறேன் டீச்சர்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு என் பிடி தானாக விட்டுப்போனது. காஜா நவாஸ் சார் ஓரத்திலிருந்து, "போடட்டும் சார்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போட்டாள். "நூறு கிலோவுல எண்பது தண்ணி. மிச்சம் இருபதுதான் வத்தல். வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், வத்தலத் தொடாது. நாலு நாளானாலும் அந்த இருபது கிலோ இருபதாவேதான் கெடக்கும்." இருபதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இப்ப பத்துல ஆறு பங்கு தண்ணின்னா, மிச்சம் நாலு பங்கு வத்தல். நாலு பங்கு இருபது கிலோன்னா ஒரு பங்கு அஞ்சு கிலோ. பத்துப் பங்கு அம்பது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடிப்பாவி, சரிதானே! சரியேதானே! பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன், எனக்கு ஏன் இது தெரியவில்லை? அதுவரை அவள்மேல் இருந்த கோபம் அப்படியே திசை மாறியது. சாக்பீஸை வாங்கி, பக்கத்திலேயே எழுதினேன்.

"சார், உங்க விடையையும் சோதிச்சுப் பார்ப்போமா? எண்பது கிலோவுல இருபது வத்தல் போனா தண்ணி அறுபது. எண்பதுல அறுபதுன்னா முக்கால். பத்துல ஏழரைப் பங்கு! கேள்வியில ஆறு பங்குன்னுல்ல இருக்கு? இப்ப பிள்ளையோட விடை. அம்பதுல இருபது வத்தல் போனா தண்ணி முப்பது. அம்பதுல முப்பது. பத்துல ஆறு. எது சார் சரி?"

அந்த சார் போர்டைப் பார்த்தார், கையில் இருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். காஜா நவாஸ் சார் தன் டைரியில் ஏதோ கிறுக்கிவிட்டு எழுந்தார். "நானும் எண்பதுன்னுதான் நெனச்சேன். விடைக்குறிப்பு தப்பு. அந்தப் பிள்ளைக்குப் பத்து மதிப்பெண் போடுங்க. முதல்ல மணி அடிச்சவங்க சரியா சொல்லிட்டதால அடுத்த அணிக்குக் கேள்வியே போகாது."

நாற்பதும் பத்தும் ஐம்பது. அவர்கள் நாற்பத்தைந்து. மூன்றாம் இடம்!

அதன்பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல வராது. விசில் பறந்தது. ஈஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டது. வினோத்குமார் மணியை அடிஅடியென்று அடித்துக்கொண்டே இருந்தான், பிடுங்கித்தான் வைக்க வேண்டியதாயிற்று. முதல் பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அந்த சார் மைக்கைப் பிடித்து, "அம்பதுதான். நான் போட்டதுதான் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கும் ஒரு மனசு வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் வாசலில் அவரைப் பார்த்தபோது என் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் வர முடியவில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். மூன்றாம் பரிசுக் கோப்பையோடு படம் எடுத்துக் குழுவில் போட்டு, 'நான் இங்கேதான் இருக்கப் போகிறேன்' என்று எழுதினேன். ஊர் எல்லையில் ரோட்டின் பாதிக்கு மிளகாய் காய்ந்தது. மூன்று வருடமாக அதைச் சுற்றித்தான் ஸ்கூட்டி ஓட்டியிருக்கிறேன். வழியை அடைக்கிறார்களே என்று திட்டியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் குனிந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்ததில்லை.

யுவராணி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க எண்பதுன்னுதான சொன்னீக?"

ஆட்டோவில் ஈஸ்வரி இருந்தது, வினோத்குமார் இருந்தான், ஓட்டுகிறவரும் காதைத் தீட்டிக்கொண்டார். மழுப்பியிருக்கலாம்.

"ஆமாடி. தப்பாத்தான் சொன்னேன். திங்கக்கிழமை போனதும் அந்தச் சுவத்துல ஒட்டுனத நீயே கிழிச்சுப் போட்டுரு."

அவள் கோப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"பரவால்ல டீச்சர். நீங்க வத்தல் காயப்போட்டதில்லல்ல."