கூரைத் துவாரத்தில் தலையணை

...இல்லை, இது நேற்றைய தடம் இல்லை, நேற்று சாயங்காலம் அவளே பனியைத் தள்ளிச் சமப்படுத்தினாள், இதோ மறுபடியும் பூட்ஸ் தடம், கேஸ் சிலிண்டர் வரைக்கும் போய், கொஞ்சம் நின்று, திரும்பி, பக்கத்தில் குடியிருக்கும் ஆர்லோவின் டிரெய்லர் வீட்டுக்கே போகிறது. வெல்டா ஜன்னலில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டி, அந்தச் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். எழுபது வயதுக் கிழவனுக்கு அவள் சிலிண்டரிடம் என்ன வேலை? திருடுகிறானா? வெளியே மைனஸ் இருபத்தெட்டு, கேஸ் தீர்ந்தால் ஆளே விறைத்துப்போக வேண்டியதுதான், அது தெரிந்தே திருடுகிறானா... இல்லை, வேவு. புருஷன் லேலண்ட் வைத்துவிட்டுப் போன ஆள். அவள் விரட்டியும் அவன் ஊரை விட்டுப் போகவில்லை, எண்ணெய்க் கிணற்று ஆட்களின் முகாமில்தான் படுத்திருக்கிறான், இன்று பன்னிரண்டு மணிக்குள் அவள் வா என்று சொல்லாவிட்டால் டெக்சஸ் கிளம்பும் குழுவோடு போய்விடுவானாம், செய்தி அனுப்பியிருக்கிறான். போகட்டுமே. அவன் வண்டி இருக்கைக்கு அடியில் சிவப்புக் கம்பளிக் கையுறை, பொம்பளை அளவு, கேட்டால் சர்ச்சில் இனாமாக வைத்த பெட்டியிலிருந்து உனக்காக எடுத்தேன் என்கிறான். எனக்காக எடுத்ததை எதற்கு இருக்கைக்கு அடியில் வைக்க வேண்டும்? காதில் பூ சுற்றுகிறான். தலை வேறு விண்விண்ணென்று தெறிக்கிறது, பத்து நாளாக இதே வலி, காபித் தூளில்தான் ஏதோ கலப்படம் என்று தூளைக்கூட மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மணி பத்தே முக்கால்.

கதவைத் தட்டும் சத்தம். ஆர்லோதான், மீசையெல்லாம் பனி. அவள் கதவுச் சங்கிலியை எடுக்காமலே கேட்டாள், "என் சிலிண்டர்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?" அவர் கூச்சப்படவே இல்லை. "வெந்நீர் ஊத்தி, தொட்டுப் பாத்து, கேஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன். லேலண்ட் சொல்லிட்டுப் போனான், அவகிட்ட கேட்டா நம்மளையே வெந்நீர்ல முக்கிடுவா, நீங்களே பாத்துக்கோங்கன்னு." பார்த்தாயா, வேவுதான், நான் சொல்லவில்லையா என்று அவள் தனக்குள்ளேயே துள்ளினாள். "ஏம்மா, ரெண்டு வாரத்துல நாலு வாரக் கேஸ் போயிருக்கு, உள்ள என்ன ரொட்டிக்கடையா வச்சிருக்க?" என்றவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், குளிர் காய வாய் திறந்தபடி எரிந்துகொண்டிருந்த அடுப்புப் பெட்டி, மேலே கூரைத் துவாரத்தில் அடைத்த தலையணை, அதன் ஓரமெல்லாம் காற்று புகாமல் ஒட்டிய வெள்ளிநிற நாடா... "அடக் கடவுளே, வெளிய வா. முதல்ல வெளிய வாம்மா!" எதற்கு? நான் வெளியே போனால் நீ உள்ளே போவாய். அவரை விரட்டச் சங்கிலியை எடுத்தாள், ஆனால் கால் துவண்டது, எழுபது வயதுக் கிழவன் கைத்தாங்கலாகப் பிடித்து இழுத்துப்போக வேண்டியதாயிற்று.

அவளைத் தன் டிரெய்லரில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டு, ஆர்லோ போய் அவள் அடுப்பை அணைத்து, தலையணையைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தார். "விஷப்புகை வந்தா கத்துமே, அந்த மணி கத்தலையா?" கத்தியது, ரொட்டி வாட்டினாலே கத்துகிற சனியன் என்று பேட்டரியைப் பிடுங்கியது அவள்தான். "அடைச்ச இடத்துல அடுப்பு எரிஞ்சா வர்ற புகை, வாசனையே இல்லாத விஷம்மா. தலைவலிக்கும், புத்தி பிசகும். அந்தக் கோடியில இருந்தானே ஹாலிஸ், அவனுக்கு இப்படித்தான் ஆச்சு. நாய் தன்னைப் பாத்துக் கேலி பண்ணுதுன்னு அதோட ஒரு வாரம் பேசலை." வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும். அப்படியானால் இதெல்லாம் நான் இல்லையா? தடம், வேவு, காபித் தூள், கையுறை... எல்லாம் அந்தப் புகையா? எவ்வளவு நிம்மதி. அவள் போனை எடுத்தாள், மணி பதினொன்று நாற்பது, அவசர அவசரமாக எழுதினாள், லேலண்ட், அன்னைக்குப் பேசினது நான் இல்லை, டிரெய்லர்ல விஷப்புகை, இப்பதான் தெரிஞ்சது, வந்துடு...

அனுப்பப் போன விரல் நின்றது. தலையணையை எப்போது அடைத்தாள்? டிசம்பரில், குளிர் முற்றிய பிறகு, இரண்டு வாரம் முன்புதான், தனியாக நாற்காலி மேல் ஏறி. அவனை விரட்டியது நவம்பரில், வான்கோழி வெந்துகொண்டிருந்தது, ஆவி போகக் கூரைத் துவாரத்தை அவனே திறந்துவிட்டிருந்தான். அதற்கு நேர் கீழே நின்றுதான் அவள் கையுறையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். மேலேயிருந்து பனி உதிர்ந்து அவள் முடியில் விழ, அவன் கையை நீட்டி அதைத் தட்டிவிட்டான், அதற்கும் சந்தேகப்பட்டாள், யாருக்குத் தட்டிவிட்டுப் பழகிய கை இது என்று. நல்ல காற்று, சுத்தமான காற்று, நெஞ்சு நிறைய உள்ளே வந்துகொண்டிருந்தது அன்றைக்கு.

"என்னம்மா, அனுப்பிட்டியா?" என்றார் ஆர்லோ. அவள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தாள், லேலண்ட் என்பதை மட்டும் விட்டுவிட்டு.