எலிசாளின் புதன்கிழமைகள்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபையொன்றின் செயலாளரும், நோயாளிகள் சந்திப்புக் குழுவின் தலைவரும், கிறிஸ்தவ அன்பைப் பற்றிப் பதினேழு கூட்டங்களில் பேசியவருமான திருவாளர் ஆன்சன், ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணியளவில், ஒரு நோயாளியைப் பார்க்க நேரில் சென்றார்.

இதிலென்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு அந்தச் சபையின் வழக்கம் தெரியாது. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சந்திப்பாளர் உண்டு. வாரம் ஒருமுறை போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபித்து, பதிவேட்டில் எழுத வேண்டும். விதவை எலிசாள், ஆன்சனின் பங்கு. இரண்டு வருடமாகப் போகாமலே எழுதி எழுதிச் சலித்து, கடைசியில் அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துவிட்டார்: ‘சந்தித்தேன், ஜெபித்தேன், ஆறுதல் கூறினேன்.’ சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே மாதத்துக்கு நான்கு குத்து. ஐந்து புதன்கிழமை வரும் மாதத்தில் ஐந்து. அந்த விஷயத்தில் அவர் நேர்மை தவறியதில்லை.

சிக்கல் புதிய போதகர் பிரஜினால் வந்தது. வியாழக்கிழமை எலிசாளின் வீட்டுக்கே போய்த் திருவிருந்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். “ஆன்சனா, அது யாரு?” என்று கிழவி ஒரு வார்த்தை கேட்டால் போதும், பதவி, மரியாதை, முதல் வரிசை நாற்காலி எல்லாம் போய்விடும். ஆகவே முந்திக்கொண்டு ஒருமுறை தலைகாட்டிவிட நினைத்தார். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்பதே பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. நல்லதாயிற்று. தலைகூட வேண்டாம், குரல் போதும்.

ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் அவள் குடியிருந்தாள். கீழே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் கூச்சலும் லாரிகளின் இரைச்சலும் காதைப் பிளந்தன. படியின் பாதியில் அத்தனை சத்தமும் நின்றுபோனது. யாரோ கதவைச் சாத்தியது போல. ஆனால் அங்கே கதவே இல்லை.

அவர் வாயைத் திறக்குமுன் உள்ளிருந்து குரல் வந்தது.

“ஆன்சன் பிள்ளையா? வாரும். இன்னைக்கு நேரத்தே வந்திட்டீரே.”

ஆன்சனுக்கு முதலில் நிம்மதி. பெயர் தெரிந்திருக்கிறது. வேலை பாதி முடிந்தது.

கட்டிலருகே ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஒரு பேசின். அதில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் மடித்து அடுக்கியிருந்தன.

“போன வாரம் அம்மையைப் பத்திச் சொல்லி அழுதீரே, வீட்டுக்குப் போய் உறங்கினீரா?”

“அம்மையைப் பத்தியா?”

“ஆசுபத்திரியில அவ தண்ணி கேட்டா, நீரு வெளிய நின்னு கமிட்டிக் காரியம் போன்ல பேசிட்டு இருந்தீரு. உள்ள வந்தப்போ முடிஞ்சு போச்சு. அதானே சொன்னீரு? நான் அதுக்கு வேண்டி ஜெபிச்சேன்.”

அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

“நானா சொன்னேன்?”

“பின்னே நானா?” கிழவி சிரித்தாள். காலை நீட்டினாள். “கட்டை அவுத்துவிடும் பிள்ளே, தண்ணி ஆறுது.”

சர்க்கரைப் புண். துணிக்கட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. முடிச்சைப் பார்த்தார். இடது கைப்பழக்கக்காரன் போடும் முடிச்சு. ஆன்சன் இடது கைப்பழக்கக்காரர். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு முடியாது. எனக்கு... கையில ஒரு சுளுக்கு.”

எலிசாளின் சிரிப்பு நின்றது. முகத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பி மூச்சை இழுத்தாள்.

“சென்டு போட்டிருக்கீரு.”

“ஆமா.”

“ஆன்சன் போடமாட்டாரு.”

அப்போது படியில் காலடி கேட்டது. வலது கால் அழுத்தமாக, இடது கால் லேசாக இழுத்தபடி. ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாள்முதல் ஆன்சன் அப்படித்தான் நடக்கிறார். கிழவியின் முகம் மலர்ந்தது.

“அதா வாராரு.”

“யாரு?”

“ஆன்சன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்போ நீரு யாரு?”

பதினேழு கூட்டங்களிலும் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அடுக்களை வழியாகப் பின்படிக்கு ஓடினார். கதவிடுக்கில் திரும்பிப் பார்த்தபோது முகம் தெரியவில்லை. குனிந்த முதுகும், பேசினுக்குள் இறங்கிய ஒரு கையும் மட்டும் தெரிந்தன. சுண்டுவிரல் வளைந்திருந்தது. தன் சுண்டுவிரலை அவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“வர கொஞ்சம் நேரம் வைகிட்டு, அம்மா. வலிச்சா சொல்லணும்.”

அவருடைய குரல்தான். மைக் கலக்காத அவருடைய குரல்.

மறுநாள் மாலை திருவிருந்து முடிந்து வந்த போதகர், ஆன்சனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

“சாரே, அம்மா ஒரு மணி நேரம் உங்களப் பத்தி மட்டும்தான் பேசினாங்க. காலு பாதி ஆறியாச்சு. நம்ம சபையில இப்படி ஒராளு உண்டுன்னு எனக்கு அறியாமப் போச்சே.”

“எல்லாம் கர்த்தருடைய கிருபை,” என்றார் ஆன்சன். நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“ஆனா ஒரு காரியத்துல சூட்சிச்சுக் கவனமா இருக்கணும். நேத்து உங்க பேரைச் சொல்லி எவனோ ஒருத்தன் உள்ள வந்து இருந்திருக்கான். களவாணியா இருக்கும். நீங்க வந்ததும் பின்வழியா ஓடிட்டானாம்.”

“கண்ணு தெரியாத அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“காலைத் தொடலையாம்.”

கமிட்டி அவசரமாகக் கூடியது. செயலாளரின் பெயரில் ஒரு போலி ஆசாமி நடமாடுவதால் சபையார், குறிப்பாக முதியோர், கவனமாக இருக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஞாயிறு ஆராதனையில் அதை வாசிக்க வேண்டியவர் செயலாளர். ஆன்சன் வாசித்தார். கடைசி வரிசையில் யாரோ இடது காலை இழுத்தபடி வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு காணிக்கை எடுத்தார்கள்.