ஊதிக் காட்டு

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் குடியிருக்கும் சுகுமாரன் லிஃப்டுக்குள் நுழைந்தால் போதும், மற்றவர்களுக்கு நடக்கும் ஆசை வந்துவிடும். நாலாவது மாடிக்காரர் இரண்டிலேயே இறங்கிப் படியேறுவார். எட்டாவது மாடிச் சீனத் தாத்தா, முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்காத நாளில்லை, அவரும் "எக்சர்சைஸ், எக்சர்சைஸ்" என்று முனகிக்கொண்டு ஐந்தில் இறங்கி விடுவார். மாட்டிக்கொண்டவர்கள் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டி, மேலே மாறும் மாடி எண்களைப் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார்கள்.

'கொரோனா போய் இத்தனை வருசமாச்சு, நம்ம ஆளுங்களுக்கு என்ன ஒரு சுகாதார உணர்வு!' என்று சுகுமாரன் மனதுக்குள் மெச்சிக்கொள்வார்.

அவரும் முகக்கவசம் மாட்டிப் பார்க்காமல் இல்லை. மாட்டிய நிமிடமே உள்ளே செத்த எலி கிடப்பதுபோல ஒரு வாடை. பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி, கொரியாவிலிருந்து வந்த வெள்ளைப் பெட்டி, எல்லாவற்றிலும் அதே எலி. ஃபார்மசிக்குப் போய், "கெட்டுப்போன சரக்கையா விக்கிறீங்க?" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டு வந்தார். கல்லாவில் இருந்த பெண் பேசவில்லை. மூச்சை அடக்கியிருந்தவள் எப்படிப் பேசுவாள்?

மனைவி வள்ளியம்மா இருந்தவரை இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவள் கிரில் கதவை மறித்து நிற்பாள். "ஊதுங்க." அவர் குனிந்து ஊதுவார். ரோட்பிளாக்கில் நிற்கும் போலீஸ்கூட அவ்வளவு கண்டிப்பாக இருக்கமாட்டான். மூக்கைச் சுருக்கினாள் என்றால் திரும்பிப் போய் நாக்கை வழித்துவிட்டு வரவேண்டும். சுருக்காவிட்டால், "ம்ம், போங்க." அவ்வளவுதான், அன்றைய நாளுக்கு லைசென்ஸ் கிடைத்தாயிற்று. அவருடைய மேல்வரிசைப் பல்செட்டை இரவில் கழற்றவைத்து, கட்டில் பக்கம் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடவைப்பதும் அவள்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் போய்விட்டாள். இப்போது அந்தத் தம்ளரில் ஒரு மணிபிளான்ட் கொடி வேர்விட்டிருக்கிறது. பல்செட் இரவும் பகலும் சுகுமாரனின் வாயிலேயே குடித்தனம். பாதி ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் பொக்கை வாயோடு போய் நிற்பதா? அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. இருந்தாலும் தயாராக இருந்தார்.

தட்டக்கூடிய ஒரே ஆள் தயாளன். இருவரும் பாயான் பாருப் பக்கம் ஒரே ஃபேக்டரியில், தகடு வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே, ஒரே ஷிப்டில் காலம் தள்ளியவர்கள். அந்தச் சத்தத்தில் எதிரில் குண்டு வெடித்தாலும் கேட்காது. மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்துக்கு வந்தால்தான் பேச்சு. தயாளன் பென்சனோடு அந்தப் பழக்கத்தை ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வந்தார். சுகுமாரன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மணி என்ன என்று கேட்டால்கூட, முகத்தருகே வந்துதான் சொல்வார்.

தினமும் காலையில் பாஸார் முனைக் கடையில் இருவருக்கும் நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரேக். முதலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிறகு தயாளன் பக்கவாட்டுக்கு மாறினார். பிறகு மின்விசிறிக்கு முன்னால் இருக்கிற மேசை. பிறகு, "பேரனுக்குக் காய்ச்சல் லா", "காடி ஸ்டார்ட் ஆகல" என்று நாளொரு சாக்கு. ஒரு காலையில் ஆளே வரவில்லை. மாதக் கடைசியில் அவர் அக்கரையில், பத்து காவானில் மகன் வாங்கியிருக்கும் புது வீட்டுக்கே போய்விடப்போகிறார் என்ற செய்தியைத் தே கலக்குகிறவர் சொல்லித்தான் சுகுமாரன் தெரிந்துகொண்டார்.

பாலத்தைத் தாண்டிப் போகிறவன் ஒரு வார்த்தை சொல்லாமலா போவான்? சுகுமாரனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தார்: கோயில் கமிட்டித் தேர்தல். தயாளன் நிறுத்திய ஆளுக்குக் கை தூக்காமல் எதிர் ஆளுக்குத் தூக்கிவிட்டார் அல்லவா? அதுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்தில் தயாளனை மூலையில் நிறுத்தி, முகத்துக்கு நேராக, மனம் உருகி, நிதானமாக, நீளமாக மன்னிப்புக் கேட்டார். தயாளன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. 'பாவம், என்ன ஒரு பாசம்' என்று நினைத்து இன்னும் நெருங்கி இன்னொரு தடவை கேட்டார். தயாளன் ஜன்னல் பக்கம் ஓடினார்.

அந்தத் தீபாவளிக்கு வந்த பரிசுக் கூடைகளில் முறுக்கு டின்னோடு வாய் கொப்பளிக்கிற நீல மருந்து இரண்டு பாட்டில், நாக்கு வழிப்பான் ஒன்று, கிராம்பு ஒரு பொட்டலம். சூப்பர்மார்க்கெட்டில் இலவசமாகக் கொடுத்திருப்பார்கள் என்று எல்லாவற்றையும் அலமாரியில் அழகாக அடுக்கிவைத்தார்.

மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கையில், எதிர்வீட்டு ஜெகதீஸ்வரி பிரசாதத் தட்டோடு வந்தாள். சுகுமாரன் கிரில்லைத் திறந்து, அவள் முகத்தருகே போய், "பாத்தியாம்மா, ஒரு ஓட்டுக்காக முப்பது வருசப் பழக்கத்த வெட்டிட்டான்" என்று ஆரம்பித்தார்.

ஜெகதீஸ்வரி தட்டைக் கேடயம்போல முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாய் நாறுது."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாண்ணே. ரொம்ப நாளா."

சுகுமாரன் கிரில்லைச் சாத்தினார். திரும்பி வந்து பிரசாதத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் சாத்தினார். சமையலறையில் நின்று நாலு தலைமுறைக்குச் சேர்த்து அவளைத் திட்டினார். பிறகு இழுப்பறையில் கிடந்த பழைய முகக்கவசம் ஒன்றை எடுத்து மாட்டி, உள்ளே ஊதினார். எலி அங்கேயே இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம். லிஃப்ட், தே கடை, கோயில், ஃபார்மசிப் பெண். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தன் மூக்குக்கு எட்டாத ஒன்றைச் சொல்வதற்கு ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை. ஜன்னலுக்கு வெளியே பினாங்குப் பாலம் கடலில் நீண்டு கிடந்தது.

மறுநாள் அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர் ஸஹ்ரா அவர் வாயை விளக்குப் போட்டுப் பார்த்தார். தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண், மகள் வயது இருக்கும். சுகுமாரன் பேச வாயைத் திறப்பதற்கு முன்னால் கையால் மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க அங்கிள், எனக்கு இதான் வேலை. இந்த செட்ட நைட்ல கழட்டுவீங்களா?"

"இல்ல டாக்டர்."

"ஏன்?"

"யாராச்சும் வந்துட்டா?"

"நைட்ல யாரு வருவாங்க?"

சுகுமாரன் வாயை இன்னும் அகலமாகத் திறந்து காட்டினார். ஈறு வீங்கியிருக்கிறது, செட்டுக்கு அடியில் சோறும் கிருமியும் சேர்ந்து கல்யாணம் நடத்தியிருக்கின்றன, நாக்கில் பின்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "காலைல சாப்பிடுறீங்களா?" வெறும் கோப்பி. "தண்ணி?" தாகம் எடுத்தால். பிரஷர் மாத்திரை? ஆமாம். "வீட்ல யார்கிட்டயாச்சும் பேசுவீங்களா?" அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"மெல்லாம, குடிக்காம, பேசாம இருந்தா எச்சில் ஊறாது அங்கிள். எச்சில்தான் வாயக் கழுவுது. மாத்திரைகூட சில பேருக்கு வாயக் காய வைக்கும், உங்க டாக்டர்ட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சீனி இல்லாத சூயிங்கம் மெல்லுங்க. நீல மருந்து கொப்பளிச்சா வாசனைய மூடும், காரணத்த எடுக்காது. செட்ட டெய்லி பிரஷ் போட்டுக் கழுவி, நைட்ல தண்ணியில போடுங்க."

பல்லைச் சுத்தம் செய்தபோது வந்த ரத்தத்தைப் பார்த்தால் ஒரு சண்டைக் காட்சியே எடுக்கலாம். வீட்டுக்கு வந்து மணிபிளான்ட் கொடியை ஜாம் போத்தலுக்கு மாற்றினார். தம்ளரை மூன்று தடவை கழுவினார். அன்றைக்கு இரவிலிருந்து பற்கள் தம்ளரில் தூங்கின. காலையில் நாக்கை வழித்தார், தோசை வாங்கி மென்றார், லிஃப்டில் சுவரைப் பார்த்து நின்றார். தயாளனைத் தேடிப் போகத்தான் தைரியம் வரவில்லை. நாற்றம் போய்விட்டதா இல்லையா? உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார். கையில் சோப்பு வாசனைதான் இருந்தது.

மாதக் கடைசி நாள் சாயங்காலம், செய்தி கேட்டுவிட்டுச் சீக்கிரமே படுக்கலாம் என்று செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்ட நேரம், கதவு தட்டப்பட்டது.

சுகுமாரன் தம்ளரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இரண்டு வருடம் எந்தத் தட்டலுக்காகப் பல்லோடு படுத்தாரோ அந்தத் தட்டல், பல் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறது. மாட்டிக்கொண்டு போவதற்குள் போய்விட்டால்? அப்படியே போய்த் திறந்தார்.

தயாளன் நின்றிருந்தார். ஒரு கணம் முகத்தைப் பார்த்தவர், கிரில்லைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "டேய், உன் வாய் எங்கடா போச்சு?"

"தம்ளருக்குள்ள," என்றார் சுகுமாரன் பொக்கை வாயால், ஒரு கை தூரத்தில் நின்று. "ஓட்டுப் போடலன்னு கோவமாடா?"

"எந்த ஓட்டு? அந்த ஆளுக்கு நானே போடல லா! சொல்லத்தான் நெனச்சேன் எத்தனையோ தடவ. உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. வள்ளியம்மா போய் உக்காந்திருக்கிறவன்ட்ட என்னத்தச் சொல்ல? ஜெகதீஸ்வரிய சொல்லச் சொன்னதே நான்தான்."

"நீ சொல்லியிருந்தா ஒரு அறை விட்டிருப்பேன்."

"அதுக்குத்தான் அவள கையில தட்டோட போகச் சொன்னேன்." தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே, பழைய தூரத்தில் உட்கார்ந்தார். "காலையில லாரி வருது. சரி, ஊது."

"என்னது?"

"அந்தம்மா வாசல்ல நிறுத்தி ஊதச் சொல்றத நான் பாத்ததில்லையா? ஊதுடா."

சுகுமாரன் ஊதினார். தயாளன் கண்ணை மூடி, தேயிலை ருசி பார்க்கிற நிபுணன்போல நெடுநேரம் யோசித்தார். "கொஞ்சம் மிச்சமிருக்கு. பரவால்ல, பாஸ்."

மறுநாள் லாரி போயிற்று. அதற்கடுத்த நாள் காலை சுகுமாரன் பல்லை மாட்டி, நாக்கை வழித்து, சட்டை போட்டு, வாசலுக்கு வந்தார். கிரில்லுக்கு முன்னால் யாரும் மறித்து நிற்கவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பையில் போன் அதிர்ந்தது. திரை முழுக்கத் தயாளனின் மூக்கு. பின்னால் பத்து காவானின் புது வெள்ளைச் சுவர், அதில் ஒரு ஆணிகூட இல்லை.

"தே குடிக்கக் கிளம்பிட்டியா? இங்க நடக்கிற தூரத்துல ஒரு கடை இல்லடா. எல்லாத்துக்கும் காடி. சரி, ஊது."

"போன்ல வாசனை வருமாடா?"

"ஊதுன்னா ஊது லா."

சுகுமாரன் போனை வாயருகே கொண்டுபோய் நீளமாக ஊதினார். திரையில் மூச்சாவி படிந்து தயாளனின் முகம் மறைந்தது.

"பாஸ்," என்றது அந்த மூட்டத்துக்குள்ளிருந்து குரல்.

சுகுமாரன் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார்.