ரங்கசாமிக்கு விழுந்த ஓட்டு

பட்டாசுச் சரம் படபடவென்று வெடித்தது. கோயில் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் மறைந்தன. பிறகு சரம் பாதியிலேயே புஸ்ஸென்று அடங்கிவிட்டது.

குற்றம் பட்டாசுடையது அல்ல. அரசாங்கம் தடை செய்த அந்தச் சரக்கை நான் முந்தைய தேர்தலுக்கே வாங்கிப் பதுக்கி வைத்திருந்தேன். அந்தத் தேர்தலில் நான் ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். ஒரு ஓட்டு வெற்றிக்குப் பட்டாசு கொளுத்த எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அது என் கடைப் பரணில் மூன்று மழைக்காலம் ஈரம் குடித்தபடி கிடந்தது.

இந்த முறை கூச்சத்துக்கே இடமில்லை. புலாவ் செபாங் என்ற எங்கள் ஊரின் மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் தலைவர் முதல் கணக்காய்வாளர் வரை எல்லாப் பதவியும் என் அணிக்கே. தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்ற ரங்கசாமி அண்ணனுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. செயலாளர் யுவனேஸ்வரன் ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒட்டிக்கொண்டிருந்த பிஸ்கட் தூள்தான் விழுந்தது.

"அது அவரே போட்டுக்கிட்டதுண்ணே," என்றான் யுவனேஸ்வரன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சற்று அதிகமாகவே சிரித்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கராஜு. தோட்டத்தில் பிறந்து, டவுனில் சைக்கிள் கடை வைத்து, பிறகு புல்வெட்டும் மெஷின் ரிப்பேருக்கு மாறியவன். வாழ்க்கையில் வேறு எதிலும் பெயர் எடுக்காததால் கோயில் தலைவர் ஆனேன். ரங்கசாமி அண்ணன் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது சிவப்பு விளக்குப் போட்டு ரயிலை நிறுத்தினார். ஓய்வு பெற்ற பிறகு என்னை நிறுத்தினார். கூட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிடும்.

"தலைவர் அவர்களே, ஒரு விளக்கம்."

அவ்வளவுதான். ஊதுபத்தி ஏன் மலாக்காவிலிருந்து வந்தது, தேர் ஏன் பாஸார் முனையில் இடது பக்கம் திரும்பியது, அன்னதானத்தில் ரசம் ஏன் முதல் பந்தியோடு தீர்ந்தது என்று ஆரம்பிப்பார். எங்கள் கூட்டங்களில் கடைசி அம்சம் 'பொது'. யாரும் எதையும் கேட்கலாம். மற்ற அம்சங்களுக்கெல்லாம் கொட்டாவி விடும் ஜனம், பொது வந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

அவரை ஒழிப்பதற்கு நான் கையாண்ட வழியைப் பெருமையாகவே சொல்கிறேன். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவரையும் ஒரு குழுவுக்குத் தலைவர் ஆக்கினேன். பந்தல் குழு, தண்ணீர்ப் பந்தல் குழு, ஒலிபெருக்கிக் குழு. பதவிகள் தீர்ந்து போனதும் செருப்புப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை உண்டாக்கி, அதற்குத் தலைவர், துணைத் தலைவர் இருவரையும் போட்டேன். வீட்டுக்கு வீடு கோயில் காலண்டர் கொடுத்தேன். அதில் அம்மனின் முகத்தைவிட என் மீசை தெளிவாக விழுந்திருந்தது.

தோற்ற மறு வாரம் ரங்கசாமி அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, நியாலாஸில் இருக்கும் தன் மகள் அனுசியா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று இரவு சாப்பாட்டில் ஒரு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

புதிய நிர்வாகத்தின் முதல் கூட்டத்திலேயே 'பொது'வை எடுத்துவிட்டேன். இனி கேள்வி இருந்தால் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள். கூட்டம் முடிந்தபோது அடுப்பில் தேத்தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

"இப்ப என்னண்ணே பண்றது?" என்றான் யுவனேஸ்வரன்.

"தண்ணி கொதிக்கட்டும்," என்றேன்.

எல்லாரும் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் நானும் யுவனேஸ்வரனும், வாங்கி வைத்த மீ கோரிங் நூடுல்ஸும்தான். ஒலிபெருக்கிக் குழுத் தலைவரைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். "அங்க வந்து என்னா செய்யறது தலைவரே? நீங்க சொல்றதுதான் நடக்கப் போவுது. நல்லா செய்யறீங்க, செய்ங்க," என்று கோழியை எடை போடச் சொன்னார். தலைவரைக் கவிழ்க்க இதைவிடக் கூர்மையான வார்த்தையை ரங்கசாமி அண்ணன்கூடச் சொன்னதில்லை.

திருவிழா வந்தது. தேர் வலது பக்கம் திரும்பியது. யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஊர்வலத்தில் வேண்டுமென்றே இடது பக்கம் திருப்பினேன். அதையும் யாரும் கேட்கவில்லை. பரிவட்டம் கட்டும்போது பூசாரி என் தலையைக்கூடப் பார்க்காமல் கட்டினார். முன்பெல்லாம் யாருக்கு முதலில் கட்டுவது என்று அரைமணி நேரம் தள்ளுமுள்ளு நடக்கும். அந்தத் தள்ளுமுள்ளில்தான் பரிவட்டத்துக்கே ஒரு கனம் இருந்திருக்கிறது. இப்போது அது வெறும் துணி. நெற்றி அரித்தது.

வேறு வழியில்லாமல் என்னைப் பற்றி நானே புரளி கிளப்பிப் பார்த்தேன். முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்து, "கோயில் தலைவர் என்னமோ மறைமுகமா செய்யறாராம், ஊர்ல பேசிக்கிறாங்க," என்று போட்டேன்.

முடிவெட்டுகிற முனியாண்டி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாரு, நீங்களா? சேச்சே. அதுக்கெல்லாம் மூளை வேணும் தங்கராஜு. குனிங்க, கழுத்துப் பக்கம் எடுக்கணும்."

எதிரி இல்லாதவன் வீட்டில் என்ன செய்வான்? சாம்பாரைப் பார்த்தான். அதில் முருங்கைக்காய் ஏன் இத்தனை சிறிதாக வெட்டப்பட்டிருக்கிறது என்று விளக்கம் கேட்டான். துணி காயப்போடும் கயிறு ஏன் கிழக்கு மேற்காகப் போகிறது, சாமி விளக்குக்குத் திரி யார் முடிவெடுத்து வாங்கியது என்று தொடர்ந்தான்.

என் மனைவி ஜெயா முதலில் சிரித்தாள். முன்பெல்லாம் கூட்டத்துக்கு முதல் நாள் நான் கண்ணாடி முன் நின்று பதில் ஒத்திகை பார்ப்பேன். அவள் கதவோரம் நின்று ரங்கசாமி அண்ணன் குரலில் கேள்வி கேட்பாள். அவரைப் போலவே தொண்டையைக் கனைப்பாள். அது ஓய்ந்து, நான் அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கியபோது, சிரிப்பும் மெல்ல ஓய்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, தோசை ஏன் இன்று வட்டமாக இல்லை என்று கேட்டேன். அவள் தோசைக் கரண்டியைச் சட்டியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு நான் லூபோக் சீனா போறேன். அக்கா வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கி?"

"உங்களுக்கு வேற யாராச்சும் கிடைக்கிற வரைக்கும்."

"என்னா பேசற நீ?"

"சண்டை போடறதுக்குச் சொன்னேன். வேற எதுக்கு நீங்க லாயக்கு?"

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் ஜெயா ஒரு ராத்திரிகூட அக்கா வீட்டில் தங்கியதில்லை. அவள் போவேன் என்றால் போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டில் நான் கயிற்றிடம்தான் விளக்கம் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நியாலாஸுக்குக் கிளம்பினேன். பால்மரமும் செம்பனையும் மாறி மாறி வந்தன. வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். அண்ணே, பழசையெல்லாம் மறந்துடுங்க. வேண்டாம், மறக்கச் சொன்னால் வந்த காரியமே கெட்டுவிடும். அண்ணே, எதையும் மறக்காதீங்க. அதுவும் சரியாக இல்லை.

அனுசியா வாசலிலேயே சொல்லிவிட்டாள். "அப்பா கோயில் கூட்டத்துல இருக்காரு மாமா. அந்தத் தோட்டத்துக் கோயில்ல. வர லேட்டாவும் லா, நீங்க உள்ள வந்து உக்காருங்க."

நான் உட்காரவில்லை. கோயில் மண்டபத்துக்கு வெளியே மோட்டாரை நிறுத்தியபோதே அந்தச் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. தொண்டை கனைத்தது.

"தலைவர் அவர்களே, ஒரு விளக்கம்."

பத்து வருஷமாக நம் கடையிலேயே சாமான் வாங்கியவர் எதிர்க்கடையிலிருந்து பை நிறைய வாங்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் ஹரிதாஸ் என்ற இளவயதுத் தலைவர், வேர்த்துப்போய், கண்கள் பளபளக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பளபளப்பு என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது என் கண்ணில் இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். முகத்தில் சதை வைத்திருந்தது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர் இப்படியா இருப்பார்?

"தம்பி, எங்க இந்தப் பக்கம்? பசியாறியாச்சா?"

எதிரே இருந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் தயார் செய்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"இந்தத் தலைவர் எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"ஹரிதாஸா? நல்ல பையன். பதிலுக்குப் பதில் நிப்பான். கொஞ்சம் கோவம் பத்தல."

"எனக்கு நல்லா கோவம் வருமேண்ணே."

"உங்களுக்கு அது பிறவியிலயே இருக்கு தம்பி," என்று தேத்தண்ணீரை ஆற்றினார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலியான கூட்டம், மிஞ்சிய மீ கோரிங், இடமும் வலமுமாகத் திருப்பிய தேர், தோசை, லூபோக் சீனா பஸ். அவர் சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய மரியாதை.

"அந்த ஒத்த ஓட்ட வச்சி உங்களக் கேலி பண்ணேண்ணே. தனக்குத் தானே போட்டுக்கிட்டாருன்னு. மனசுல வச்சிக்காதீங்க."

"நான் எனக்குப் போடலயே."

"பொறவு?"

"தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கிறது அசிங்கம் தம்பி. நான் என்னைக்குமே எதிர்ல நிக்கறவருக்குத்தான் போடுவேன். எல்லாத் தேர்தல்லயும் உங்களுக்குத்தான் போட்டேன்."

நான் கணக்கில் கெட்டிக்காரன் அல்ல. ஆனாலும் இந்தக் கணக்கு என்னைச் சும்மா விடவில்லை. முந்தைய தேர்தலில் நான் ஒரு ஓட்டில் ஜெயித்தேன். அவர் தன் ஓட்டைத் தனக்கே போட்டிருந்தால் நான் ஒரு ஓட்டில் தோற்றிருப்பேன். மூன்று வருஷம் மாலை போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவர் இழுத்துப் போட்டுக் கொடுத்தது. சொல்லத் தேவையில்லை, நான் எனக்குத்தான் போட்டுக்கொண்டேன். மடித்த சீட்டை ஒருமுறை பிரித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

"அப்ப இந்தத் தடவை உங்களுக்கு விழுந்த ஓட்டு?"

"அதான் எனக்கும் தெரியல. யாருன்னு தெரிஞ்சா நன்றி சொல்லுங்க."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "திரும்பி வந்துடுங்கண்ணே. அடுத்த மாசம் பொதுக்கூட்டம்."

"வந்து என்னா செய்யறது? பொதுவ எடுத்துட்டீங்களாமே."

"போட்டுடறேன். முதல் அம்சமாவே போட்டுடறேன்."

"முதல்ல போடக்கூடாது. கடைசில இருந்தாத்தான் ஜனம் காத்திருக்கும்." அவர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். "வர்றேன். ஆனா சும்மா வரமாட்டேன். அந்தக் காலண்டரப் பத்தி ஒரு விளக்கம் வேணும். அம்மனுக்கு மேல உங்க மீசை எப்படிப் போச்சு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கேளுங்கண்ணே," என்றேன். "விடாம கேளுங்க."

திரும்பும்போது மோட்டார் தானாகவே ஓடியது. காலண்டருக்கு நான்கு வகையான பதில் தயாராகிவிட்டது. நான்கும் பொய். நான்குமே நன்றாக இருந்தன.

வீட்டுக்குள் நுழைந்தபோது வாசற்படியில் ஜெயாவின் பை இருந்தது. அவள் வெளியூர்ச் சேலை கட்டி, தலை வாரி, பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நியாலாஸ் போயிருந்தேன்," என்றேன். "ரங்கசாமி அண்ணன் திரும்பி வர்றாரு. காலண்டர் விசயத்தக் கிழிக்கப் போறாராம்."

அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போய் நின்றேன்.

"ஜெயா, அவருக்கு விழுந்த ஓட்டு அவரோடது இல்லயாம். அவரு எனக்குத்தான் போட்டாராம். அப்ப அந்த ஒரு ஓட்டு யாருதா இருக்கும்?"

அவள் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து உதறி மடித்தாள்.

"என்னோடதுதான். அந்த மனுசனும் ஒரேயடியா விழுந்துட்டா, நீங்க சண்டை போட நான் ஒருத்திதானே மிஞ்சுவேன்."